சடையன் பிரித்த கூடு

நாலு நாளாகத் தூங்காத தூக்கணாங்குருவி சடையன், தன் சொந்தக் கூட்டையே பிரித்துக்கொண்டிருந்தான். கூட்டுக்குள் மூன்று முட்டைகள். கூட்டுக்குக் கீழே குளம்.

"உள்ளே முட்டை இருக்குய்யா! நார் உருவாதே!" என்று கத்தினாள் அவன் துணை மின்னி.

சடையன் காதில் விழவே இல்லை. அலகு ஒரு பக்கம் நாரை இழுக்க, பேச்சு ஒரு பக்கம் ஓடியது. இந்தப் பனையின் உச்சியில் நாற்பது அறை வைத்து ஒரே கூடாகக் கட்டப் போகிறானாம். குளக்கரையில் இருக்கிற எல்லோரும் வந்து தங்கலாமாம். காக்கைக்கும் ஓர் அறை உண்டாம். அதற்கு நார் போதவில்லை. அதனால் வீட்டு நாரை உருவுகிறான்.

பக்கத்து ஓலையில் மற்ற குருவிகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. வேலை என்றால் இதுதான் வேலை என்றது ஒன்று. இன்னொன்று தன் பிள்ளையைக் கூப்பிட்டு, சடையன் மாமாவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றது.

போன சித்திரையில் இதே சடையன் இருபது நாள் கருவேலம் புதருக்குள் உட்கார்ந்து கிடந்தான். இறகைக் கோதவில்லை. புல்விதையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தாலும் தொடவில்லை. அப்போது இதே குருவிகள் அவனுக்கு வைத்த பெயர் சோம்பேறி.

அதற்கு முன்னாலும் இப்படித் தூங்காமல் பறந்திருக்கிறான். ஒரே குருவி எப்படி இரண்டு மாதிரி இருக்கும்? அந்தச் சித்திரையிலேயே இந்தக் கேள்வி அந்தப் பனையில் ஒருத்தனுக்குத்தான் வந்தது. அவன் வரியன், அடிமரத்துப் பொந்தில் இருந்த அணில். எந்த ஓட்டையைப் பார்த்தாலும் தலையை விட்டுப் பார்க்காமல் போகமாட்டான்.

வெயிலாக இருக்குமோ என்று முதலில் நினைத்தான். வெயில் எல்லோருக்கும்தானே அடிக்கிறது! பனையில் கட்டிய கள்ளைக் குடித்துவிட்டானோ என்று சடையன் அலகை மோந்து பார்த்தான். வாடையே இல்லை. அப்புறம் சும்மா உட்கார்ந்து கவனித்தான். ஒன்று புரிந்தது. சடையன் மேலே போகிற சமயத்தில் முதலில் தூக்கம் போகிறது, பிறகு பேச்சு வேகமாகிறது, இறக்கை கடைசியில்தான் துடிக்கிறது. கீழே விழுகிற சமயத்தில் முதலில் சாப்பாடு நின்றுபோகிறது.

பாறை மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகத்திடம் போய் இதையெல்லாம் சொன்னான். அவள் முழுசாகக் கேட்டாள். தன் தம்பிக்கும் இதேதான் என்றாள். பறக்கிறதும் நோய், விழுகிறதும் நோய், இதில் திமிரும் இல்லை சோம்பலும் இல்லை. மேற்குக் கரையில் உவர்மண் இருக்கிறது. தினம் காலையில் ஒரு வாய் தின்ன வேண்டும். இருட்டினதும் தூங்க வேண்டும். தம்பி இன்றைக்கும் முங்கி மீன் பிடிக்கிறான் என்றால் அதனால்தான்.

"நல்லாயிட்டா நிறுத்திடலாமா?" என்று கேட்டான் வரியன்.

"நல்லா இருக்கிறதே அந்த மண்ணாலதான். அப்புறம் எப்படி நிறுத்துவே?"

வரியன் சொல்லி, சடையன் மண்ணைத் தின்றான். ஆனியில் பழைய சடையன் ஆனான். அவர்கள் வழக்கப்படி ஆண் பாதிக் கூட்டைக் கட்டித் தொங்கவிடும். பெண் வந்து தொங்கி ஆடிப் பார்த்து, பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டும். மின்னி மூன்று தடவை ஆடிப் பார்த்தாள். இங்கே கொத்தினாள், அங்கே இழுத்தாள், இது தாங்கும் என்றாள். சடையன் முடித்துக் கொடுத்தான். அவள் முட்டையிட்டாள்.

அதற்கப்புறம் அவன் மண்ணை நிறுத்திவிட்டான். வரியனிடம் மறைக்கவும் இல்லை. மண் தின்றால் எந்நேரமும் தாகமாம். பாட்டும் மந்தமாக வருகிறதாம். இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். வரியனும் சரி என்று விட்டுவிட்டான். அது வரியன் செய்த தப்பு.

சடையன் இழுத்த இழுப்பில் இப்போது கூட்டின் ஒரு பக்கம் திறந்துகொண்டது. ஒரு முட்டை உருண்டு வெளியே வந்து, நேராகக் குளத்தில் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

வரியன் மரத்தில் ஏறினான். ஓலை வழியாக ஓடி, கூட்டின் மேல் தாவி, நாலு காலையும் விரித்து அந்த ஓட்டையின் மேல் அப்பிக்கொண்டான். மிச்சம் இரண்டு முட்டையும் அவன் வயிற்றில் வந்து முட்டி நின்றன.

வேடிக்கை பார்த்த குருவிகள் அப்போதுதான் கொதித்து எழுந்தன. அணில் முட்டை தின்னும் என்பது அவற்றுக்குத் தெரியும். கூட்டைப் பிரித்தவனை விட்டுவிட்டு, பிடித்தவனைப் போய்க் கொத்தின. திருடன் என்றன, இறங்கு என்றன. சடையனும் வந்து காதில் கொத்தினான். "பொறாமை பிடிச்ச வாலே, என் மாளிகையைக் கெடுக்கவா வந்தே?"

வரியன் கண்ணை மூடிக்கொண்டான். காலை எடுக்கவில்லை.

மின்னிக்கும் அணில் என்றால் பயம்தான். ஆனாலும் அவள் கூட்டுக்கு அடியில் போய், வாசல் வழியாகத் தலையை விட்டு உள்ளே பார்த்தாள். பிறகு வெளியே வந்து கூட்டத்துக்கு முன்னால் இறக்கையை விரித்தாள்.

"தின்ன வந்தவன் வாயை வெளியே வெச்சுக்கிட்டு வயித்தையா உள்ளே விடுவான்? புத்தி இருக்கா உங்களுக்கு?"

குருவிகள் பின்வாங்கின. சடையனை என்ன செய்வது என்று ஒன்று கேட்டது. யாரும் அவனைப் புகழ வேண்டாம், நார் கொடுக்க வேண்டாம், சத்தமில்லாத இருட்டுப் புதருக்கு அழைத்துப் போங்கள் என்று தொங்கிக்கொண்டே சொன்னான் வரியன். நாலு குருவிகள் போராடித்தான் அழைத்துப் போயின. மின்னி ஓட்டையைப் பின்னி முடிக்கும்வரை அணிலின் வயிறுதான் சுவராக இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சடையன் அடங்கினான். அடங்கினவன் சாப்பாட்டையும் விட்டு, போன சித்திரையைப் போலவே கீழே போய்விட்டான். முட்டை விழுந்தது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மின்னி புதருக்கு வந்தாள்.

"முட்டை போன கோபம் எனக்கு இருக்கு. உனக்கு நோய்ங்கறதும் தெரியும். ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும். மண்ணைத் தின்னு" என்று சொல்லிவிட்டு, அடைகாக்கப் போய்விட்டாள்.

வரியன் இரண்டு கையிலும் உவர்மண் அள்ளி வந்தான். சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மின்னிகிட்ட போய்ச் சொல்லு, வேற துணை பாத்துக்கட்டும். நான் இருந்தா மிச்சமும் போயிடும். நீயும் இனிமே வராதேடா. போ."

இந்த மண் எப்படி இருக்கும் என்று இத்தனை நாளாக வரியனுக்கு ஒரு சந்தேகம். கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தான். மூஞ்சி கோணிப்போனது. தூ தூ என்று துப்பினான். இதையா தினம் தின்றாய் என்று கேட்டான்.

சடையன் திரும்பி அவனைப் பார்த்தான். ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு வாய் எடுத்துக்கொண்டான். எடுத்துவிட்டு மறுபடியும் போ என்றான்.

வரியன் மின்னியிடம் எதையும் போய்ச் சொல்லவில்லை; மறுநாள் வராமல் இருக்கவும் இல்லை.

நோயில் கிடக்கும் நண்பன் நம்மைப் போ என்றுதான் சொல்வான். அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்கக் கூடாது.