மந்தி வைத்த அழுமுகம்

மனுஷருக்கும் மந்திக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்வருவார்கள். அடடா, அது ஒரு காலம்! இப்போது மந்தியைப் பார்த்தால் நாம் கல்லெடுக்கிறோம்; நம்மைப் பார்த்தால் அது பையைப் பிடுங்குகிறது.

அப்போதெல்லாம் சாவு வீட்டில் யாரும் அழமாட்டார்கள். முகம் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் செத்தவருக்கு மரியாதையாம். நல்ல மரியாதை போங்கள்! அப்படித்தான் சடச்சியும் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் விருமன் பாம்பு கடித்துச் செத்து மூன்று நாளாகியிருந்தது. அவள் பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லை. பால் வற்றிப்போய், மடியில் கிடந்த கைக்குழந்தை கத்தத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது.

"பிள்ளைக்காகவாவது ஒரு வாய் குடி தாயி" என்று நாத்தனார் கெஞ்சினாள்.

"நெஞ்சை அடைக்குது மதினி. இறங்க மாட்டேங்குது."

அந்த நேரம் துக்கம் கேட்க வந்தது மந்தி. அது சடச்சியின் கூட்டாளி. எந்த முகத்தைப் பார்த்தாலும் அப்படியே பழிப்புக் காட்டுவது அதன் பிறவிக் குணம். பசியில் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. மந்தியும் பழக்க தோஷத்தில் உதட்டைப் பிதுக்கி, புருவத்தைச் சுருக்கியது.

"அடிப் பாவி, இழவு வீட்டுலயுமா பழிப்புக் காட்டுறே?" நாத்தனார் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள்.

மந்தி முகத்தை நேராக்கப் பார்த்தது. முடியவில்லை. கோணிய வாய் கோணியபடியே நிற்க, உள்ளே என்னவோ கலங்கியது. மாமரத்தில் தனக்கென்று விருமன் விட்டுவைக்கும் உச்சிக்கிளைப் பழங்கள் நினைவுக்கு வந்தன. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ சடச்சி, நம்ம விருமன் போயிட்டானே!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அத்தனை கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் சடச்சியின் உதடும் தன்னையறியாமல் பிதுங்கியது. கன்னம் துடித்தது. "என் ராசா!" என்று அலறினாள் பாருங்கள், மூன்று நாள் துக்கமும் மொத்தமாக வெளியே வந்தது. நாத்தனார் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகு, "தண்ணி குடுங்க மதினி" என்றாள் சடச்சி. ஒரு சொம்பு தண்ணீரும் மடமடவென்று இறங்கியது. கஞ்சியும் குடித்தாள். சாயங்காலத்துக்குள் பால் சுரந்தது, பிள்ளை பிழைத்தது.

நம் பெண்கள் சாவு வீட்டில் கழுத்தைக் கட்டி, முகத்தோடு முகம் வைத்து அழ ஆரம்பித்தது அன்று முதல்தான். ஊர் வாய்க்குப் பயந்து அழுமுகத்தோடு வந்து நிற்கிறவளுக்கும், கட்டிப்பிடித்த மறுநொடி நிஜமாகவே அழுகை வந்துவிடுகிறது.