முக்கோணத்தில் மிஞ்சிய அறுபது

கணக்கு வாத்தியார் மாசிலாமணிக்கு விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. கடைசியில் 'சரிபார்த்தல்' எழுதாதவர்கள் வகுப்புக்கு வெளியேதான். அன்று வெளியே நின்றவள் செல்லக்கிளி.

அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி வந்துவிட்டார். "இந்தப் பொண்ணு ஏன் வெளியே?"

"வீட்டுக்கணக்கை அரைகுறையா போட்டவ மேடம். எப்படிப் போடணும்னு பாருங்க!"

கையில் மறைத்திருந்த கைடைப் பார்த்து வாத்தியார் பலகையில் எழுதினார். "முக்கோணத்தின் கோணங்கள் x, 2x, 3x. கூட்டினால் 180. ஆகவே, x = 40."

கைடில் இருந்த அச்சுப்பிழை அவருக்கு எங்கே தெரியும்!

"சார், சரிபார்த்தல்?" என்றாள் வாசலில் நின்ற செல்லக்கிளி.

முறைத்துக்கொண்டே 40, 80, 120 என்று கூட்டினார். 240 வந்தது. சாக்பீஸ் அப்படியே நின்றது.

"சார், மிஞ்சின அறுபதும் என்கூட வெளியே நிக்கட்டுமா?"