பதினெட்டு டிகிரியில் பச்சை

பொன்னுரங்கத்துக்கு நாற்பத்தெட்டு வயது. வேளாண் துறை வேலையை உதறிவிட்டு, மலை மேல் இருந்த கோதுமைப் பண்ணையில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த குரு கோமளவல்லி அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஊர் சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடிவாரத்தில் சம்பா கோதுமை பல வருடமாக மஞ்சள் வரி விழுந்து, கதிர் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. வைரஸ் நோய். அதற்கு மசியாத ரகம் ஒன்றைத் தருகிறேன் என்று அங்குள்ள விவசாயிகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார் மனுஷன். மூன்று வருடம் கண்ணாடி அறையே கதியென்று கிடந்தார். நோய் பிடித்த இலையின் சாற்றை நல்ல இலையில் தேய்ப்பார், காத்திருப்பார், மறுபடி தேய்ப்பார். கடைசியில் ஒரு ரகம் பச்சை மாறாமல் நின்றது. நூற்றிருபது தொட்டியிலும் ஒரு வரிகூட இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“விதையை அனுப்பிடலாமா மேடம்?”

கோமளவல்லி செடிகளைப் பார்க்கவில்லை. ஏசியைப் பார்த்தார்.

“பதினெட்டு டிகிரி. இதை யார் வெச்சது?”

“நான்தான். பகல் முழுக்க உள்ளேயே இருக்கணும். வேர்த்தா எனக்கு வேலை ஓடாது.”

“அடிவாரத்துல எவ்வளவு சார்?”

“முப்பது இருக்கும்.”

கோமளவல்லி ஏசியை முப்பதில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் மஞ்சள் வரி தெரிந்தது. யாரோ கதவைத் திறந்து வைத்து வேறு ஏதோ நோயை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று பொன்னுரங்கம் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். பிறகு தன் பழைய நோட்டைப் புரட்டினார். குளிரில் எடுத்த இலைகளிலும் வைரஸ் துளியூண்டு இருந்திருக்கிறது. ‘பொருட்படுத்த வேண்டியதில்லை’ என்று அவரே எழுதியிருந்தார். அந்தத் துளிதான் சூட்டில் பல மடங்காகப் பெருகியிருந்தது.

இந்த விதையைக் கொடுத்திருந்தால் எத்தனை வயல் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். தொட்டிகளை எரிப்பதற்காக வாசலில் அடுக்கத் தொடங்கினார். கோமளவல்லி வந்து, அடுக்கியதில் மூன்று தொட்டிகளைத் தனியே எடுத்தார். அந்தச் செடிகளில் வரி இல்லை. இலையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். பொன்னுரங்கம் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். வைரஸ் துளிகூட இல்லை.

அப்போதும் அவர் மனம் ஆறவில்லை.

“நூத்தி இருபதுல மூணு மேடம். மூணு வருஷம் வீணாப் போச்சு. விவசாயிங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

கோமளவல்லி அந்த மூன்று தொட்டிகளையும் மேசை மீது வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புழுக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வெயில்லயும் நோய்க்கு மசியாத செடி போன மாசம் உங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல சார். இன்னைக்கு மூணு இருக்கு.”