முட்டை தள்ளிய எண்ணெய்

எலியேசர்விளைக்காரர்களை யாரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே வியாதி அதுதான்.

அந்த ஊர் ஆலயத்தில் ஆண்டுதோறும் அசனம் நடக்கும். சுற்றியுள்ள சபைகளெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். பக்கத்து ஊரான சீயோன்குளத்துக்காரர்களுக்கு அந்த அசனத்தின்மேல் வெகுநாளாக ஒரு கண். "அவர்கள் சாப்பாடு வாயில் வைக்க வழங்கவில்லை, எங்கள் ஊருக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பேராயர், "இந்த வருஷம் நானே சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்கிறேன்" என்றுவிட்டார்.

அசனக் குழுத் தலைவர் மதுரநாயகம் செய்தி கேட்டதும் செயலாளர் அருள்வரத்தைக் கூட்டிக்கொண்டு பாதிரியாரிடம் ஓடினார்.

பாதிரியார் சொன்னார்: "எபிரெயர் முறைப்படி எண்ணெயில் பிசைந்த அப்பம் போடுங்கள். பேராயருக்கு மனம் குளிர்ந்துவிடும். உங்கள் கூட்டத்துக்கு ஒரு ஹின் எண்ணெய் போதும். ஹின் என்பது பன்னிரண்டு லோகு. ஒரு லோகு என்றால், ஆறு கோழிமுட்டை எவ்வளவு இடத்தை அடைக்குமோ அவ்வளவு. அதை நம் வீட்டுக் கரண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்."

சொல்லிவிட்டு அவர் வெளியூர் போய்விட்டார். எழுபத்திரண்டு முட்டை என்று அருள்வரம் கணக்குப் போட்டார். அது சரியாகத்தான் இருந்தது. அவர்கள் சரியாகச் செய்த காரியம் அதோடு முடிந்தது.

"ஏம்வே, எபிரெயக் கோழியும் நம்ம கோழியும் ஒண்ணா?" என்று மதுரநாயகம் ஆரம்பித்தார்.

"கோழி கோழிதானே அண்ணாச்சி."

"எப்படி ஒண்ணாகும்? அது வனாந்தரத்துல நாப்பது வருஷம் நடந்த கோழி. மெலிஞ்சு போயிருக்கும். முட்டையும் சின்னதா இருக்கும். நம்மது குப்பைமேட்டுல நின்னு தின்னு கொழுத்தது."

குழு கூடிப் பேசி, ஊர்க்கோழிகளை நடக்கவைப்பது என்று முடிவெடுத்தது. பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் தேரி மணலில் கோழிகளை விரட்டினார்கள். மிரண்டுபோன கோழிகள் முட்டை இடுவதையே நிறுத்திவிட்டன. கடைசியில் சீயோன்குளத்துக்கு ஆள் அனுப்பி, குப்பைமேட்டில் கொழுத்த கோழிகளின் முட்டைகளையே விலைக்கு வாங்கி வந்தார்கள்.

அடுத்து, முட்டையை எண்ணெயாக்க வேண்டும். அருள்வரத்துக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது.

"அண்ணாச்சி, அண்டா விளிம்புமட்டும் நல்லெண்ணெய் ஊத்துவோம். கீழே ஒரு தாம்பாளத்தை வைப்போம். முட்டை எல்லாத்தையும் மெதுவா உள்ளே விட்டா, முட்டை அடைக்கிற எடத்து எண்ணெய் வழிஞ்சிரும். அதான் அளவு."

அப்படியே செய்தார்கள். தாம்பாளத்தில் எண்ணெய் வழிந்தது. குழுவில் ஒருவர் தப்பித்தவறிச் சரியாகச் செய்துவிட்டால், அதைத் திருத்தத்தானே தலைவர் என்று ஒருவர் இருக்கிறார்?

"இது ஏன்வே வழிஞ்சது?" என்று மதுரநாயகம் கேட்டார்.

"முட்டை தள்ளிச்சு அண்ணாச்சி."

"முட்டையே வேண்டாமுன்னு தள்ளினதையா பேராயருக்குப் போடச் சொல்லுதீரு? உள்ளே நிக்கிறதுதான் அளவு. வழிஞ்சது கழிவு."

அருள்வரம் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார். சமையல் செல்லக்கனி மட்டும் அண்டாவை எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, மாவைவிட எண்ணெய் சாஸ்தியா இருக்கே. பிசையவா, இல்ல குளிப்பாட்டவா?"

"அது பாலும் தேனும் ஓடின தேசம், தாயி. எண்ணெய் மட்டும் சொட்டுச் சொட்டாவா விழுந்திருக்கும்? ஊத்து!"

முட்டைகளை எடுத்துவிட்டு அண்டா எண்ணெயில் மாவைக் கொட்டினாள் செல்லக்கனி. தாம்பாளத்து எண்ணெயை ஆலயக் கதவுகளின் கீல்களுக்கு ஊற்றினார்கள். அந்த அசனத்தில் பதமாக அமைந்தது கதவு ஒன்றுதான்.

பந்தியில், பக்கத்துச் சபையிலிருந்து போயிருந்த நானும் என் மனைவியும் பேராயருக்கு எதிர்வரிசையில் இருந்தோம். அவர் ஜெபித்துவிட்டு அப்பத்தை எடுத்தார். அது நழுவி அடுத்தவர் இலைக்குப் போனது. அங்கிருந்து அதற்கடுத்த இலைக்குப் போனது. பேராயர் மிகவும் பொறுமைசாலி. மூன்று அப்பம்வரை முயன்று பார்த்தார். என் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"வேதத்துல உள்ளபடி ஐயா! ஒரு சொட்டுக் கூடாது, ஒரு சொட்டுக் குறையாது!" என்றார் மதுரநாயகம்.

அடுத்த வருஷத்திலிருந்து அசனம் சீயோன்குளத்தில் என்று தீர்ப்பாயிற்று.

ஊரே துக்கம் கொண்டாடியது. நடத்துகிற பெருமை போனதுகூடப் பரவாயில்லை. சாப்பிட வெயிலில் நாக்குத் தள்ள நடந்து போகவேண்டுமே! குழு மறுபடி கூடியது. சீயோன்குளத்துக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில், 'சீயோன்குளம் 1 கி.மீ.' என்று எழுதிய கல் ஒன்று நிற்பது அருள்வரத்தின் நினைவுக்கு வந்தது. அந்தக் கல்லைப் பெயர்த்து, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, தங்கள் ஆலய வாசலில் நட்டார்கள். மதுரநாயகம் தூரத்தைக் குறைத்ததற்காக மாலை போட்டுக்கொண்டார்.

அசனத்தன்று வெள்ளை வேட்டியும் கையில் இலையுமாக எல்லோரும் கல்லிலிருந்து புறப்பட்டார்கள். சரியாக ஒரு கிலோமீட்டர் நடந்து, நின்ற இடத்தில் வரிசையாக உட்கார்ந்து இலையை விரித்தார்கள். அது வெறும் பனங்காடு. உச்சி வெயில் ஏறியது. யாரும் பரிமாற வரவில்லை.

மதுரநாயகம் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, அருள்வரத்தின் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"பாத்தீராவே? நம்ம கையில இருந்தமட்டும் சாப்பாடுதான் கெட்டுது. இவனுவ கைக்குப் போனதும் ஊரையே தொலைச்சிட்டானுவ!"