நெல்லப்பனின் இரண்டு பிடி நெல்

கோரைக்குளத்தின் கரையில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே, நெல்லப்பன் என்ற வயல் எலி குடியிருந்தான். அவன் மனைவி பெயர் மூக்காயி. பெயருக்கு ஏற்ற மூக்கு அவளுக்கு. ஏழு குஞ்சுகள். அவை கண் திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

நெல்லப்பன் உழைப்பாளி. அதை யாரும் மறுக்க முடியாது. மறுத்தாலும் அவன் விடமாட்டான், உட்காரவைத்துப் புரியவைத்துவிடுவான். மார்கழி முழுக்க, பனி கொட்டும் விடியலில், மற்றவர்கள் சுருண்டு படுத்திருக்கும்போதே வயலில் இறங்கிவிடுவான். கதிரை அறுப்பான், இழுப்பான், வளைக்குள் தள்ளுவான். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அந்த நேரம். கதிரெல்லாம் பனியில் நனைந்து சொதசொதவென்று இருக்கும். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. வளைக்குள் மூன்று அறைகள் தோண்டி, மூன்றையும் கூரை முட்ட நிரப்பி, மண் வைத்து அடைத்துவிட்டான்.

தை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது இலுப்பை மரத்தடியில் கூட்டம் கூடியது. ஆண்டுதோறும் நடப்பதுதான். சூரியன் வடக்கே திரும்பும் நாளில் அவனுக்கு எதிரே புதுப்பானை வைத்து, புத்தரிசியும் பாலும் பொங்கி வழிய விட்டு, விளைய வைத்ததற்கு நன்றி சொல்வது அந்தக் கரையின் வழக்கம். விலங்குகளுக்கு அடுப்பும் நெருப்பும் ஏது என்று கேட்பவர்கள், விலங்குகளுக்குப் பேச்சு ஏது என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்தபிறகு கேட்பது நியாயமில்லை.

செவலைப் பசு பால் தருவதாகச் சொன்னாள். கரடி தேன் கொண்டுவருவதாகச் சொன்னான். காத்தாயி என்ற காக்கை மஞ்சள் கொத்துக்குப் பொறுப்பு. குரங்கு கரும்புக்குப் பொறுப்பு. வழியில் கடித்தது போக மிச்சம் வருமா என்பதில்தான் எல்லோருக்கும் சந்தேகம். கடைசியில் அத்தனை பேரும் நெல்லப்பனைப் பார்த்தார்கள். புது நெல் இருப்பது அவனிடம்தான். பல்லால் உமி நீக்கி நுனி முறியாமல் அரிசி எடுக்கவும் அவனை விட்டால் ஆளில்லை.

நெல்லப்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். இந்த ஆண்டு விளைச்சல் சரியில்லை என்றான். பாதிக் கதிர் பதர் என்றான். வீட்டில் மொத்தமே இரண்டு பிடி நெல்தான் இருக்கிறது, அதுவும் குஞ்சுகளுக்கு என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய் சொன்ன வாய்க்குச் சும்மா இருக்கத் தெரிவதில்லை.

“இன்னொண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. சூரியன் எனக்கு என்ன செஞ்சாரு? நான் இருட்டுல போறேன், இருட்டுல அறுக்குறேன், இருட்டுல குடியிருக்கேன். அவரு மூஞ்சியைச் சரியாப் பாத்ததுகூட இல்ல. நன்றி சொல்றதுன்னா நான் என் முன்பல்லுக்குத்தான் சொல்லணும்.”

செவலை அசைபோடுவதை நிறுத்தினாள். “கதிரு உன் வளைக்குள்ளயா முத்துச்சு, நெல்லப்பா?” என்று கேட்டாள்.

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பால் பொங்கி வழிவதே வீண் என்று அடுத்ததற்குத் தாவினான். வழிவதையெல்லாம் எறும்புதானே தின்கிறது? பானையை விட்டுவிட்டு ஒரு சிரட்டையில் வைத்தால் என்ன? சிரட்டைப் பொங்கல் என்றதும் குரங்கு மரத்திலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தது.

செவலை மட்டும் சிரிக்கவில்லை. ஏழு குஞ்சுகளை வைத்துக்கொண்டிருப்பவனிடம் இருக்கிற இரண்டு பிடியையும் கேட்பது சரியில்லை என்றாள். இந்த ஆண்டு அரிசி போடாமல் வெறும் பாலை மட்டும் பொங்கவிடலாம் என்று முடிவானது. கரடியின் முகம் சுண்டிப் போனது. அவன் ஓர் ஆண்டாக அந்தச் சர்க்கரைப் பொங்கலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

நெல்லப்பன் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தான். மூக்காயி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஏங்க, நடு அறைப் பக்கம் போனீங்களா?”

“ஏன்?”

“ஒரு மாதிரி வாடை வருது. சுவரைத் தொட்டா சுடுது.”

மண்ணை விலக்கிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஆவி வந்தது. நெல்லுக்குள் கையை விட்ட நெல்லப்பன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அடியில் நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. மற்ற இரண்டு அறைகளிலும் இன்னும் முளைக்கவில்லை. ஆனால் அங்கேயும் வெதுவெதுப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

“ஈர நெல்லை அடைச்சு வச்சா இப்படித்தான் ஆகும். இது களஞ்சியம் இல்ல, நாத்தங்கால்” என்றாள் மூக்காயி. “மிச்சத்தையாவது வெயில்ல காய வைங்க. இல்லேன்னா சித்திரை வரைக்கும் இந்த ஏழு வாய்க்கும் நான் எதைப் போடுவேன்?”

நெல்லப்பன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். வெயிலில் காய வைப்பதென்றால் வெளியே கொண்டுபோக வேண்டும். வெளியே கொண்டுபோனால் கரை முழுக்கப் பார்க்கும். இரண்டு பிடி நெல் ஒரு பாறையை நிறைத்தால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

இரண்டு நாள் என்னென்னவோ செய்து பார்த்தான். வாலால் விசிறினான். வால் வலித்ததே தவிர நெல் காயவில்லை. அறைக்கு அறை மாற்றிக் கொட்டினான். ஈரமும் கூடவே மாறி வந்தது. முள் புதருக்கு அடியில் மறைவாகக் கொஞ்சம் பரப்பினான். வெயிலுக்குத் தெரியாத இடமாகத்தான் அது இருந்தது. தனக்கு மட்டும், யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் வெயில் அடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்தான். சூரியனுக்கு அப்படி ஒளிந்து அடிக்கத் தெரியாது. நெல்லப்பனுக்குச் சூரியன்மேல் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது அறையிலும் முளை கண்டது. மூக்காயி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

உச்சி வெயிலில், எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரமாகப் பார்த்து, நெல்லைக் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து குளத்தோரப் பாறையில் பரப்பினான். நூறு நடை நடந்திருப்பான். பாறை மஞ்சளாக மின்னியது. அப்போது சிறகடிக்கும் ஓசை கேட்டது.

“நெல்லப்பண்ணே, என்ன இது?” காத்தாயிதான்.

“எது?” என்றான் நெல்லப்பன், பாறை முழுக்க நெல்லை வைத்துக்கொண்டு.

“இதுதான். உங்க காலுக்கடியில கிடக்கே.”

“இதுவா? இது என்னுது இல்ல. யாரோ கொட்டிட்டுப் போயிருக்காங்க. நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

காத்தாயி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நெல்லைப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்து நெல்லப்பனைப் பார்த்தாள். அப்படியென்றால் கேட்க ஆளில்லாத நெல், நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு இலுப்பைக் கிளைக்குப் பறந்தாள். காக்கை தனியாகத் தின்னாது. சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுத்தான் தின்னும். முதல் தடவை கரைந்தாள். கிழக்குக் கரையிலிருந்து இரண்டு குரல்கள் பதில் சொன்னன. இரண்டாம் தடவை கரைந்தாள். வானத்தில் கறுப்புப் புள்ளிகள் பத்து, இருபதாகக் கிளம்பி வந்தன.

நெல்லப்பன் வானத்தையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தான். தன் நெல் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நெல் போகும். வளைக்குள் ஏழு குஞ்சுகளும் பசியில் கத்துவது அவனுக்கு மட்டும் கேட்டது.

“என்னுது!” என்று அலறினான். “அத்தனையும் என்னுதுதான்! தொடாதீங்க!”

அவன் உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது அவனுக்கே தெரியாது. தூங்கிக்கொண்டிருந்த செவலை எழுந்து வந்தாள். கரடி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். குரங்கு பாதிக் கரும்போடு இறங்கி வந்தது. பாறையைச் சுற்றிக் கூட்டம் நின்றுவிட்டது.

செவலை நெல்லை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

“ரெண்டு பிடின்னு சொன்னியே நெல்லப்பா. யாரோட பிடி? கரடியோடதா?”

கரடி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் பிடியிலும் இவ்வளவு வராது என்றான்.

நெல்லப்பன் முன்னங்கால்களால் முகத்தை மூடிக்கொண்டான். மென்று விழுங்கியது போதும் என்று அவனுக்கே தோன்றிவிட்டது.

“பொய் சொல்லிட்டேன், அக்கா. மூணு அறை நிறைய வச்சிருந்தேன். பனியில நனைஞ்சதை அப்படியே அடைச்சேன், புழுங்கிப்போச்சு. இது காயலேன்னா என் புள்ளைங்களுக்குச் சோறில்ல. வெயிலு எனக்கு என்ன செஞ்சுதுன்னு கேட்டேனே, அந்த வாயாலயே இப்பச் சொல்றேன். எனக்கு வெயிலு வேணும்.”

காத்தாயி தன் கூட்டத்தைப் பார்த்து, சொந்தக்காரர் இருக்கிற நெல்லைக் காக்கைகள் தொடுவதில்லை என்று அறிவித்தாள். இது அவ்வளவு உண்மையில்லை என்பது காக்கைகளுக்கே தெரியும். இருந்தாலும் அன்றைக்கு மரியாதையாகக் கிளைகளில் உட்கார்ந்து, வந்த குருவிகளை விரட்டின. கரடி பெரிய கைகளால் நெல்லைப் புரட்டிப் போட்டான். செவலை, தன் நிழல் நெல்மேல் விழாத பக்கமாக நின்று, வாலால் விசிறினாள். மூக்காயி முளைவிட்டதையெல்லாம் பொறுக்கி ஒதுக்கினாள். ஒதுக்கியதே ஒரு குன்றாக நின்றது. நடு அறை முழுவதும் போயிற்று. இரண்டாவதில் பாதி போயிற்று. மிச்சம் இரண்டு நாள் வெயிலில் கலகலவென்று காய்ந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் நெல்லப்பனே போய்ப் பெரிய பானையாக எடுக்கச் சொன்னான். அவனும் மூக்காயியும் தாடை வலிக்க உமி நீக்கினார்கள். தை முதல் நாள், கிழக்கு வெளுத்து சூரியன் தலை காட்டியபோது, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய பானை கல்லடுப்பில் ஏறியது. பால் மெல்ல எழும்பியது. நெல்லப்பனுக்குப் பழைய புத்தி போகவில்லை. வழிவதைப் பிடிக்க ஓர் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மூக்காயி வாலைப் பிடித்து நிறுத்தினாள்.

பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. கரை முழுக்க “பொங்கலோ பொங்கல்!” என்று கூவியது. எறும்புகள் வரிசை கட்டி வந்தன. நெல்லப்பன் அவற்றை ஒரு கணம் முறைத்தான். பிறகு கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டான்.

சூரியனுக்குப் படைத்தபிறகு எல்லோருக்கும் இலையில் விழுந்தது. கரடி மூன்று தடவை வாங்கிக்கொண்டான். ஏழு குஞ்சுகளும் மூக்கெல்லாம் பொங்கலாக உட்கார்ந்திருந்தன. மூக்காயி அவற்றைத் துடைத்துவிட்டுக்கொண்டே, மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத குரலில் நெல்லப்பனிடம் சொன்னாள்:

“அவங்க கேட்டது ஒரு பானைக்கு. நாம பொறுக்கி எறிஞ்சது பத்துப் பானைக்கு இருக்கும்ங்க.”

நெல்லப்பன் சூரியனை நிமிர்ந்து பார்த்தான். கண் கூசி நீர் வழிந்தது. அது வெயிலால் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் இருந்துவிட்டு, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டான்.

பலர் தயவால் விளைந்ததைத் தன்னுடையது மட்டும்தான் என்று மூடி வைப்பவன், கடைசியில் அதைத் தனக்கும் இல்லாமல் ஆக்கிக்கொள்கிறான்.