சன்னதியில் வைத்த டப்பா

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குரு சமாதியின் சன்னதியில் ஒரு பொழுது வைத்து எடுத்த பொருள் எதுவானாலும் அது பிரசாதம். வாழைப்பழம் வைத்தால் வாழைப்பழம், மிக்சர் வைத்தால் மிக்சர். ஒருமுறை ஒருவர் ஆசி வாங்கப் புது மொபைல் போனை வைத்துவிட்டு, அதைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு மூன்று நாள் மடத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மிச்சம் வைக்கக் கூடாது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் கூடாது. இதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் யாராவது ஒருவராவது எதிர்த்துப் பேசியிருப்பார்.

மடத்தை நடத்தியவர் மங்களநாயகி. வயது நாற்பத்து மூன்று. துறவுக்கு வருமுன் பதினோரு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தவர். வருகிறவர்கள் எல்லோரும், அவரைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்படி மூத்த சீடர்களில் ஒருவர் கோமதிநாயகம். சர்வே ஆபீசில் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது நிலத்தை அளந்து கொண்டுவந்தால் இன்னொரு தடவை அளக்கச் சொல்லி உயிரை வாங்குவார் என்று பேர். மடத்துக்குள் வரும்போது மட்டும் அந்தக் குணத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி விட்டுவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அம்மா, ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"உலகம்மாளுக்குக் கிட்னி ரொம்ப மோசமாயிட்டு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காரு டாக்டர். கழுத்துல குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிக்கணுமாம். வாரத்துக்கு மூணு நாளு. இனிமே ஆயுசு முழுக்க."

"சரி."

"சித்திரவேலு வேண்டாங்கான். சத்துச் சொட்டுன்னு புதுசா ஒண்ணு வந்திருக்காம். தொண்ணூறு நாள் குடிச்சா கிட்னி பழையபடி ஆயிருமாம். ஒருக்கா குழாய் போட்டுட்டா அப்புறம் எதுவும் கேக்காதாம். யார் சொல்லை நம்பன்னு தெரியாம நிக்கேன்."

பையிலிருந்து ஒரு பச்சை பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"இதைச் சன்னதியில ஒரு பொழுது வச்சு எடுத்துக் குடுத்தீங்கன்னா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை."

அம்மா பாட்டிலைத் தொடவில்லை.

சித்திரவேலு மடத்துக்கு வருகிறவர்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அதோடு சத்துப் பொடி, சத்து மாத்திரை என்று வீடு வீடாகப் போய் விற்றார். கெட்ட மனிதர் இல்லை. அதே பொடியைப் பெற்ற தாய்க்கும் கலக்கிக் கொடுத்தார். தினமும் காலையில் அந்த விற்பனைச் சங்கிலியில் மேலே இருக்கிற ஒருவர் போனில் சொல்லுவதை இவர் மனப்பாடம் செய்து கீழே இருக்கிறவர்களிடம் ஒப்பிப்பார். விற்றால் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர் மறைத்ததே இல்லை. "நானும் பொழைக்கணும்லா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே ஜனங்கள் கூடுதலாக நம்பினார்கள்.

"உங்க வீட்டம்மாவுக்கு என்ன செய்யுதுன்னு சித்திரவேலு கேட்டாரா?" என்றார் அம்மா.

"கிட்னின்னு சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. அவரு கேட்டாரா?"

"கேக்கலை."

"வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுதாங்கன்னு?"

"அதுவும் கேக்கலை. யார் வேணும்னாலும் குடிக்கலாம், எல்லாருக்கும் ஒத்துக்கும்னான்."

"டாக்டரு?"

கோமதிநாயகத்துக்குச் சுர்ரென்று வந்தது.

"அவரு கேள்விக்குத்தான் குறைச்சல் இல்லையே! அந்த மாத்திரை என்ன, இந்த மாத்திரை என்ன, தண்ணி எத்தனை டம்ளருன்னு போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. ஒரு தடவை நிமிந்து மூஞ்சியப் பாத்ததில்லை. சித்திரவேலுன்னா வீட்டுக்கு வந்து, பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுதான்."

"உலகம்மாள் எங்க?"

"வெளிய ஆட்டோல இருக்கா. நடக்க முடியலை."

அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். ஆட்டோவின் பின் சீட்டில் உலகம்மாள் சாய்ந்து கிடந்தாள். முகம் ஊதியிருந்தது. கால் இரண்டும் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்க?"

"சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ரெண்டும்மா. நீர் பிரியுததுக்கு ஒண்ணு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"லேகியம், பொடி, டானிக்?"

"சத்தியமா இல்லம்மா. டாக்டரும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே இருப்பாரு. இல்லவே இல்லைன்னுட்டேன்."

அம்மா கொஞ்சம் குனிந்து கேட்டார்.

"மடத்துல இருந்து கொண்டு போனது?"

உலகம்மாள் முகம் மலர்ந்தது.

"அது பிரசாதம்லா!"

"எவ்வளவு சாப்பிடுதீங்க?"

"காலைல ரெண்டு கரண்டி, சாயங்காலம் ரெண்டு கரண்டி. ஒடம்பு அசதியா இருந்தா இன்னொரு கரண்டி கூட. பிரசாதம் கூடினா தப்பா? எட்டு மாசமா ஒரு நாளு விட்டதில்லம்மா. டப்பா தீந்ததும் அடுத்த டப்பா வாங்கிக்கிடுவேன்."

எட்டு மாதமாக, மாதம் பத்து டப்பா சத்துப் பொடியைச் சித்திரவேலு சன்னதியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அதை வாங்கிப் போனவர்கள் அதைப் பொடி என்று நினைக்கவில்லை. பொடி என்று நினைத்திருந்தால் டாக்டரிடம் காட்டியிருப்பார்கள்.

"இப்போ டப்பா கையில இருக்கா?"

"எங்க போனாலும் கொண்டு போவேன்மா." சீட்டுக்குக் கீழே இருந்த கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா அதை இடுக்கிக்கொண்டு, உலகம்மாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, அந்த பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மடத்தை விட்டு அம்மா வெளியே கிளம்பி யாரும் பார்த்ததில்லை. கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் பக்கத்தில் தொற்றி ஏறிக்கொண்டார்.

"நீங்க கூட வாறீகன்னா கழுத்துல என்ன, நெஞ்சுலகூடக் குழாய் போட்டுக்கிடுதேன்மா" என்றாள் உலகம்மாள்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோமதிநாயகமும் மனம் தெளிந்துவிட்டார். டாக்டர் சொன்னது சரிதான் என்று இப்போது அவருக்குப் பட்டது. ஏன் சரி என்று அவர் யோசிக்கவில்லை. அம்மா ஆட்டோவில் ஏறிவிட்டார், அது போதும் அவருக்கு. அரை மணி நேரத்துக்கு முன் அதே அம்மா பாட்டிலை வாங்கிச் சன்னதியில் வைத்திருந்தால், இந்நேரம் வீட்டில் டம்ளரில் சொட்டு எண்ணிக்கொண்டிருப்பார். மனுஷப் புத்தியை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

டாக்டர் ஜெயசிங் இளவயதுக்காரர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வழக்கம்போல் பைலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கூட வந்திருக்கறது யாரு?"

"இவங்க சாப்பிட்ட பொடியைக் குடுத்த ஆளு" என்றார் அம்மா.

டாக்டர் நிமிர்ந்தார். அம்மா டப்பாவையும் பச்சை பாட்டிலையும் மேஜைமேல் வைத்தார்.

"எட்டு மாசமா தினம் நாலு கரண்டி. சில நாள் அஞ்சு."

டாக்டர் உலகம்மாளைப் பார்த்தார்.

"வந்தப்பல்லாம் கேட்டேனேம்மா. வேற பொடி, டானிக் எதுவும் உண்டான்னு கேட்டேன்ல? இல்லைன்னு தலையாட்டுனீங்களே?"

"அது பிரசாதம் டாக்டர்."

அத்தனை வருடப் படிப்பில் இதற்கு என்ன பதில் சொல்வது என்று டாக்டருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பச்சை பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன இருக்குன்னே எழுதலை" என்று குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு டப்பாவை எடுத்தார். லேபிளின் கீழ்ப்பக்கம் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. சன்னதியில் வைக்கிற எல்லாவற்றுக்கும் அம்மா தன் கையால் வைக்கிற பொட்டு அது. டாக்டர் நகத்தால் அதைச் சுரண்டினார். அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. எறும்பு சைஸ் எழுத்து.

டாக்டர் அதைத் தமிழில் சொன்னார்.

"சிறுநீரக நோய் உள்ளவங்க டாக்டரைக் கேக்காம இதைச் சாப்பிடக் கூடாது."

கோமதிநாயகம் மேஜைமேல் குனிந்து கேட்டார்.

"இதைச் சாப்பிடாம இருந்தா கிட்னி தப்பிச்சிருக்குமா டாக்டர்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"சர்க்கரை ஏற்கெனவே பாதியைத் தின்னுட்டு. இந்தப் பொடி இல்லாட்டா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ தள்ளிப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். இதனாலதான்னும் சொல்ல முடியாது, இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. இதை இன்னைக்கோட நிறுத்துங்க. குழாயை இன்னைக்கே போடணும். அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

உலகம்மாளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். போகும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"பிரசாதம் இனிமே சாப்பிடக் கூடாதாம்மா?"

"சாப்பிடக் கூடாது."

"சாமி கோச்சுக்கிடாதா?"

"சாமியைக் கேட்டு யாரும் அதை அங்க வைக்கலை."

கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பேரும் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கோமதிநாயகத்துக்கு வந்தது துக்கமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. கோபம் சுலபமாக இருந்ததால் கோபப்பட்டார்.

"டாக்டரப் பாத்தீங்களாம்மா? இத்தனை படிச்சுட்டுத் தெரியாதுங்காரு. சித்திரவேலுப் பய தொண்ணூறு நாள்னு நாள் குறிச்சுச் சொன்னான்."

"ஆமா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் தெரியாதுன்னு சொல்லத் தெரிஞ்சிருக்கு."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அந்தப் பயலச் சும்மா விட மாட்டேன். என் பொண்டாட்டிக்கு எமனா வந்திருக்கான்."

"அவரு நம்பிக் குடுத்தாரு. அவங்க அம்மாவுக்கும் குடுக்காரு. மொதல்ல அந்த வீட்டுக்குத்தான் போகணும். மத்த டப்பா யார் யார் வீட்டுக்குப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒம்பது வீடும் தெரியும்."

"சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொரு வீடாப் போவோம். நான் சொல்லுதேன்."

கோமதிநாயகம் அம்மாவைப் பார்த்தார். இத்தனைக்கும் மத்தியில் தனக்காக ஆட்டோவில் ஏறி வந்து, டாக்டர் முன்னால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அம்மா. அவர் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து கும்பிட்டார்.

"அம்மா, எனக்கு இப்போதான் புத்தி வந்திருக்கு. இனிமே டாக்டரும் வேண்டாம், சித்திரவேலுவும் வேண்டாம், போன்ல பேசுதவனும் வேண்டாம். எவன் என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன். உங்க வாய்ச்சொல் ஒண்ணுதான் எனக்கு."

"எழுந்திருங்க ஐயா."

"மாட்டேன்மா. நீங்க எதுக்குக் குடுத்தது நான்னு சொன்னீங்க? அவன் வச்சான், நீங்க வழக்கப்படி பொட்டு வச்சீங்க. அடியில இப்படி ஒரு எழுத்து இருக்குன்னு நீங்க என்ன கண்டீங்க?"

எதிரே ஒரு நர்ஸ் வாளியோடு போனாள். பிறகு அம்மாவும் பெஞ்சை விட்டு இறங்கி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷம் எனக்கு அதுதான் வேலை ஐயா. டப்பாவைக் கையில எடுத்தா மொதல்ல அந்த எழுத்தைத்தான் பாப்பேன். மொத டப்பா வந்த மாசம் மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சித்திரவேலுதான் கூரை போட்டுக் குடுத்தாரு. படிச்சேன். படிச்சுட்டு, அது மேலேயே சந்தனத்தை வச்சேன்."