கண்ணை மூடச் சொன்னவர்

“கண் எரியுதும்மா. லேப்டாப் முன்னால உட்கார்ந்தாலே மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. தண்ணியா ஊத்துது.”

ஆவுடையப்பன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிரே அமர்ந்திருந்த குருவுக்கு அவருடைய மூத்த மகள் வயதுகூட இருக்காது. ஆசிரமத்தில் எல்லோரும் அவரை அம்மை என்பார்கள்.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டினேன். சொட்டு மருந்து கொடுத்தார். கண்ணாடியை மாத்தினார். வீட்டுல ஒரு வெள்ளரிக்காயை விட்டுவைக்கல நான். ஒண்ணும் கேக்கல.”

“அப்படி என்னதான் பார்க்கறீங்க அதுல?”

“நம்ம தியான வகுப்புதாம்மா!”

சொல்லும்போது மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. ஆசிரமத்துக்கு வர முடியாதவர்களுக்காகத் தினமும் விடியற்காலையில் அவர் நடத்தும் வகுப்பு. மணியை அடித்து, “கண்ணை மூடுங்கள்” என்பார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருக்கும் முகங்கள் எல்லாம் கண்ணை மூடும். மறுபடி மணி அடிக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. அது ஆசிரமத்து வழக்கம்.

“எல்லாரும் மூடிடறாங்களா?”

“மூடிடறாங்க.”

“நீங்க?”

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.

“யாராவது ஒருத்தர் மேற்பார்வை பார்க்கணும் இல்லையாம்மா? தூங்கிட்டாங்கன்னா?”

“தூங்கினா தூங்கட்டுமே. அவ்வளவு நேரமும் அவங்களையேவா பாத்துக்கிட்டிருக்கீங்க?”

பரீட்சை ஹாலில் எத்தனையோ பையன்களின் திருட்டு முழியைப் பிடித்தவர் அவர். அதே முழி இப்போது தன் முகத்தில் வந்து உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரிந்தது. காது சுட்டது.

‘ஐயா, உங்கள் குரலே மருந்து.’ ‘ஐயா, நீங்கள் எங்களுக்குக் கிடைத்த வரம்.’ இப்படி எழுதி அனுப்ப ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஊரே கண்ணை மூடியிருக்கும் நேரத்தில், மனுஷன் அதையெல்லாம் திரையில் ஒன்றுவிடாமல் படிப்பார். நேற்று படித்ததையும் விடமாட்டார். இமைக்கக்கூட மறந்துபோகும்.

என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவர் யோசிக்கும்போதே வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

“அய்யா! உங்களத் தேடித்தான் பஸ் ஏறி வந்தேன். நான் செண்பகவடிவு. செல்லுல உங்க வகுப்புல உக்காருவேன்லா?”

அவருக்கு ஞாபகமில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

“எம் மவன் போயி வருசம் திரும்பப் போவுது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல எனக்கு. இவ பெத்தவதானான்னு ஊரே பேசிச்சு. நேத்து தியானத்துக்கு நடுவுல கண்ணத் தொறந்துட்டேன். தப்புதான். பாத்தா, நீங்க அழுதுக்கிட்டு இருந்தீய. சத்தமே இல்ல, அது பாட்டுக்கு வழியுது. அதப் பாத்ததும் எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு. எம் புள்ளைக்கி அழுதேன்யா. வெயில் ஏறுத வரைக்கும் அழுதேன்.”

ஆவுடையப்பனுக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். நீங்க யார நெனச்சு அழுதீய?”

கடவுளை நினைத்து என்றால் போதும். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அவளுக்கும் ஆறுதல், ஆசிரமத்துக்கும் நல்ல பேர். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்வதற்கு முன் அம்மையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அம்மை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் அந்த மூடிய கண்களையே பார்த்தார். பிறகு செண்பகவடிவின் பக்கம் திரும்பினார்.

“நான் அழலம்மா.”

“அழலியா?”

“திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிஞ்சு தண்ணி வந்தது. நீங்கல்லாம் கண்ணை மூடியிருந்த நேரத்துல, என்னைப் பாராட்டி வந்ததையெல்லாம் நான் படிச்சுக்கிட்டிருந்தேன்.”

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. வகுப்பறையில் முட்டி போட வைத்த பையன்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

செண்பகவடிவு முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

“நான் அழுதது நெசம்யா” என்றாள் கடைசியில்.

தினமும் தன் எதிரே ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த முகத்தை ஆவுடையப்பன் அன்றுதான் பார்த்தார்.

“உங்க பையன் பேரு என்னம்மா?”

“இசக்கிராஜா.”

அவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லப் பார்த்தார். பாதிக்கு மேல் வரவில்லை. கைக்குட்டையைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

செண்பகவடிவு குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இப்பவும் எரியுதாய்யா?”

“இல்லம்மா.”